ஐஸ்கிரீம் வண்டி வராத படம்: 20 வெள்ளி கட்டுமுன் இதைப் படிங்க

சுங்கை சிப்புட் வட்டாரத்துக்காரங்க கவனத்துக்கு. "பழைய இங்கிலீஷ் படம், பெரிய திரையில்" என்று ஒரு போஸ்டர் தோட்டத்து வாட்சப் குழுக்களில் சுற்றுகிறது. ஆளுக்கு 20 வெள்ளி. நாலு பேருக்கு 80 வெள்ளி கட்டி ஏமாந்தவன் எழுதுகிறேன்.

போஸ்டரில் போட்டிருந்த படம் 'அசால்ட் ஆன் பிரீசிங்ட் 13'. ஜான் கார்பென்டர் 1976-இல் எடுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் இழுத்து மூடப்போகிற ஒரு போலிஸ் நிலையம். உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், வெளியே வாயே திறக்காமல் சுற்றி வளைக்கிற ரவுடிக் கும்பல். கதை அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மாமா ஈப்போவில் கேசட் வாடகைக்கு எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். அப்படி வந்த படம். லயத்து வீட்டில் சன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். அந்த வயதில் கேட்ட இசை இன்னும் காதில் இருக்கிறது. அதையும் கார்பென்டரே போட்டார்.

என்னை விழ வைத்தது படத்தின் பெயர்கூட இல்லை. கீழே 'பார்த்தவர்கள் சொல்வது' என்று ஐந்து கருத்து இருந்தது. "முதல் அரை மணி நேரம் பொறுத்துக்கொள், அப்புறம் எழுந்திருக்க மாட்டாய்." "துப்பாக்கிச் சத்தமே கேட்காது, சன்னல் மட்டும் நொறுங்கும்." "பெரிய நடிகர் ஒருத்தர் இல்லை, அதுதான் பலம்." "அந்த இசை தூங்க விடாது." "ஐஸ்கிரீம் காட்சிக்காக இயக்குநரை நான் மன்னிக்கவே மாட்டேன்." யார் எழுதியதோ தெரியாது, ஆனால் படத்தைப் பார்த்தவன் எழுதியது. அதனால்தான் நம்பினேன்.

ஐஸ்கிரீம் காட்சி என்ன என்று தெரியாதவங்களுக்கு: தான் கேட்ட ஐஸ்கிரீம் இது இல்லை என்று மாற்றி வாங்க வண்டிக்குத் திரும்பி வரும் ஒரு சின்னப் பெண்ணை, கும்பல்காரன் ஒருவன் முகத்தில் சலனமே இல்லாமல் சுடுவான். அதை வெட்டாவிட்டால் பெரியவர்களுக்கு மட்டும் என்கிற எக்ஸ் சான்றிதழ்தான் என்று அமெரிக்கத் தரப்படுத்தும் வாரியம் மிரட்டியதாம். அவர்களுக்குக் காட்டிய பிரதியில் மட்டும் வெட்டிவிட்டு, தியேட்டருக்கு முழுசாக அனுப்பினார்கள். அதுவும் ஒரு தில்லுமுல்லுதான், ஆனால் டிக்கெட் வாங்கியவனை ஏமாற்றவில்லை.

அக்கா மகன் தன் பத்து வயது மகளையும் கூட்டி வரலாமா என்று கேட்கச் சொன்னான். போஸ்டர் நம்பருக்குப் போன் போட்டேன். "தாராளமா கூட்டிட்டு வாங்க ஐயா, ஃபேமிலி ஷோதான்" என்றார் அந்தத் தம்பி. ஐஸ்கிரீம் காட்சி உள்ள படம் ஃபேமிலி ஷோவா? அங்கேயே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். பிள்ளையை மட்டும் வீட்டில் விடச் சொல்லிவிட்டு, காசைக் கட்டிவிட்டேன். க்யூஆர் கோடு, ஒரு தனி ஆள் பெயரில் இருந்த கணக்கு. ரசீது கேட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு மண்டபத்தில் ஐம்பது பேர் இருப்போம். சுவரில் வெள்ளைத் துணி, ஒரு லேப்டாப், ஒரே ஒரு ஸ்பீக்கர். தியேட்டரில் படம் தொடங்குமுன் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் திரையில் வரும். இங்கே வந்தது லேப்டாப்பின் நீல முகப்பு. அதன் மூலையில் யாரோ அனுப்பிய செய்தி பளிச்சென்று துணியில் விழுந்தது: "மச்சான், எத்தன தலை?" முன்வரிசையில் இருந்த பாட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

படம் ஓடியது. டெட்ராய்ட் என்று எழுத்து வந்தது. சரி, ஏதோ முன்கதை என்று நினைத்தேன். பிறகு பனி கொட்ட ஆரம்பித்தது. புத்தாண்டு இரவு, பனிப்புயல். ஈதன் ஹாக் வந்தார், லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் வந்தார். பெரிய நடிகரே இல்லாத படமாம்! இது 2005-இல் மறுபடி எடுத்தது. இதில் நிலையத்தைத் தாக்குகிறவர்கள் ரவுடிகள் இல்லை, தங்கள் குட்டு வெளியாகாமல் இருக்க வருகிற ஊழல் போலிஸ்காரர்கள். பழையது சுமார் ஒரு லட்சம் டாலரில், இருபது நாளில் முடித்த படம். குதிரையும் பாலைவனமும் வைத்து 'ரியோ பிராவோ' என்கிற பழைய கௌபாய் படம் மாதிரி எடுக்கக் காசு இல்லாமல்தான் கார்பென்டர் கதையை நகரத்துக்குக் கொண்டுவந்தார். எடிட்டிங்குக்குத் தன் பெயரைப் போடாமல், 'ரியோ பிராவோ'வில் ஜான் வேய்ன் நடித்த பாத்திரத்தின் பெயரையே போட்டுக்கொண்டார். 2005 படம் அந்த ஏழ்மை தெரியாத வசதியான படம். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் காசு கட்டியது அதற்கு இல்லை. பழையது 91 நிமிடம், புதியது 109. போஸ்டரில் "1 மணி 49 நிமிடம்" என்று போட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பக்கத்தில் என் மனைவி, "ஐஸ்கிரீம் வண்டி எப்போங்க வரும்?" என்றாள். "இந்தப் பனியில எவன் ஐஸ்கிரீம் விப்பான்?" என்றேன். பாதிப் படத்தில் துணியின் அடியில் சூதாட்ட விளம்பரம் ஓடியது. எங்கிருந்து இறக்கிய பிரதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசையில் இரண்டு சின்னப் பிள்ளைகள், ரத்தம் வரும்போதெல்லாம் அவர்கள் கண்ணை அம்மா தன் கையால் மூடிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் அந்தத் தம்பியிடம் போனேன். "அதே கதைதானே ஐயா? இது புதுசு, கலர் நல்லா இருக்கும்னு போட்டோம்." காசைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த ஷோவுக்குப் பாதி விலை என்றார். மறுநாள் என் நம்பரைத் தடுத்துவிட்டார்.

போலிசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், புகார் எதுவும் இல்லை. அதனால் நீங்கள் பார்த்தாலும் சுத்தமாகத்தான் தெரியும், அதை நம்பிக் காசு கட்டாதீர்கள். பயனீட்டாளர் உரிமை கோரும் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை. 80 வெள்ளிக்காகவா என்று அக்கா மகன் சிரிக்கிறான். போடத்தான் போகிறேன், ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு பெயரும் அந்தக் கட்டைவிரலும்தான். அன்று வந்தவர்கள் யாருக்காவது முகவரி தெரிந்தால் சொல்லுங்கள். நீங்கள் பணம் கட்டியதற்கான ஸ்கிரீன்ஷாட்டையும் போஸ்டரையும் அழித்துவிடாதீர்கள்.

நேற்று அடுத்த போஸ்டர் வந்துவிட்டது. இந்த முறை நீர்மூழ்கிக் கப்பல் படம், விலை 25 வெள்ளி. கீழே அதே ஐந்து கருத்து. கடலுக்கடியில் ஓடுகிற படத்தில், ஐஸ்கிரீம் காட்சியை மன்னிக்க மாட்டேன் என்கிறவர் இன்னும் இருக்கிறார்.