டோக்கியோல ஃப்ரெண்ட்ஸோட ஒரே ஒரு நாள்: அசகுசா பக்கமா, ஷிபுயா பக்கமா?

கும்பலா டோக்கியோ போறவங்க கையில ஒரு முழு நாள்தான் இருக்குன்னா பெரும்பாலும் ரெண்டு ரூட்ல ஒண்ண எடுப்பாங்க. கிழக்கால அசகுசா, உவேனோ, அகிஹபாரா. மேற்கால ஹராஜுக்கு, ஷிபுயா, ஷின்ஜுக்கு. நாங்க ஆறு பேர் நவம்பர்ல போனோம், பகல் முழுக்க கிழக்குன்னு முடிவு பண்ணோம், யாராச்சும் கேட்டா இப்பவும் அதத்தான் சொல்வேன்.

கிழக்கு பழைய ஊரு, மேற்கு புது ஊரு, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். செலவுலயும் பெரிய வித்தியாசம் கிடையாது. அசகுசால இருக்கிற சென்சோஜி கோயிலும் ஃப்ரீ, ஹராஜுக்கு பக்கத்துல இருக்கிற மெய்ஜி கோயிலும் ஃப்ரீ, ட்ரெயினுக்குத் தேய்க்கிற சுய்க்கா ப்ரீபெய்டு கார்டு ரெண்டு பக்கமும் செல்லும்.

என்ன பொறுத்தவரைக்கும் முடிவு பண்ண வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: கும்பல் பிரிஞ்சா எவ்ளோ சீக்கிரம் திரும்ப ஒண்ணு சேர முடியும்? தனியா போறவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல. ஆறு பேர்னா ஒருத்தனுக்கு பாத்ரூம் போகணும், ஒருத்தனுக்கு காபி வேணும், ஒருத்தி கடைக்குள்ள நுழைஞ்சா லேசுல வெளிய வரமாட்டா, இப்படி பத்து நிமிஷம் பத்து நிமிஷமா போயே பாதி நாள் கரைஞ்சிடும். ஷின்ஜுக்கு ஸ்டேஷன்ல 200க்கும் மேல எக்ஸிட் இருக்கு, உலகத்துலயே அதிகம் பேர் வந்துபோற ஸ்டேஷன் அதுதான். அங்க "எக்ஸிட்ல நிக்கிறேன்"னு மெசேஜ் போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. ஷிபுயால ஹச்சிக்கோ நாய் சிலை கிட்ட சந்திக்கலாம்னா ஊர்ல பாதி பேர் அங்கதான் சந்திக்கிறாங்க. ஹராஜுக்குல தகெஷிதா தெரு மொத்தமே 350 மீட்டர் தான், ஆனா சனி ஞாயிறுல ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டுதான் நகரணும்.

கிழக்குல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. அசகுசால சென்சோஜிக்குப் போற காமினாரிமோன் வாசல், அந்தப் பெரிய சிவப்பு லாந்தர், தொலைஞ்சவன் யார்கிட்ட கேட்டாலும் கை காட்டிடுவாங்க. அதுக்கு நேர் எதிர்ல டூரிஸ்ட் சென்டர் பில்டிங், கென்கோ குமா டிசைன் பண்ணது, எட்டாவது மாடிக்கு லிஃப்ட்ல போனா ஃப்ரீயா மொட்டைமாடி வியூ, கீழ கோயில் தெரு நேர்கோடா தெரியும், அந்தப்பக்கம் 634 மீட்டர் ஸ்கைட்ரீ டவர், பில்டிங்குக்குள்ளயே பாத்ரூமும் இருக்கு. காத்திருக்கிறவனுக்கு இத விட என்ன வேணும்? வாசல்லேர்ந்து கோயிலுக்குப் போற நகமிசே கடைத்தெருவுல இன்னொரு விஷயம் பாத்தேன், நடந்துகிட்டே சாப்பிடாதீங்க, வாங்கின கடை முன்னாடியே நின்னு சாப்பிடுங்கன்னு போர்டு வச்சிருக்காங்க, அதனால யாரு எத வாங்கினாலும் எல்லாரும் அங்கயே நின்னு ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுத்தான் நகரணும், கும்பல் தானா ஒட்டிக்கிட்டே போகும்.

கோயில்ல ஒமிகுஜின்னு சீட்டு எடுக்கிறது கும்பலா பண்ணா தனி சந்தோஷம். 100 யென் போட்டு இரும்பு டப்பாவ குலுக்கினா சின்ன ஓட்டை வழியா ஒரு குச்சி வரும், அதுல நம்பர் ஜப்பானிய எழுத்துல இருக்கும், அதே எழுத்து எந்த டிராயர்ல இருக்குன்னு ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்து கண்டுபிடிச்சு, அதுலேர்ந்து ஒரு பேப்பர் எடுக்கணும். சென்சோஜில கெட்ட சீட்டு அதிகமா விழும்னு பேரே இருக்கு. விழுந்தா பக்கத்துல இருக்கிற கம்பியில கட்டிட்டு வந்துடலாம், கூடவே எடுத்துட்டுப் போக வேண்டாம். எங்க ஆறு பேர்ல ரெண்டு பேர் கட்டினாங்க, மிச்ச நாலு பேரும் அவங்கள நாள் முழுக்க விடல.

அப்புறம் உவேனோ, மெட்ரோல அஞ்சே நிமிஷம். பார்க்ல பெஞ்ச் இருக்கு, உக்காரலாம், ஷிபுயா ரோட்டுல ஓசியா உக்கார இடம் தேடிப் பாருங்க, அப்போ இதோட அருமை தெரியும். அங்கேர்ந்து அமேயோகோ மார்க்கெட், போர் முடிஞ்ச சமயத்துல கள்ளச்சந்தையா ஆரம்பிச்ச இடம், ரயில் பாலத்த ஒட்டியே ஒகாச்சிமாச்சி ஸ்டேஷன் வரைக்கும் போகும், தண்டவாளத்த பாத்துக்கிட்டே நடந்தா வழி தப்பாது. அப்படியே நடந்தா அகிஹபாரா. இங்க மட்டும் கும்பல் சிதறத்தான் செய்யும், ஒருத்தன் கேமரா கடை, ஒருத்தன் பொம்மை கடை. ஸ்டேஷனோட எலக்ட்ரிக் டவுன் கேட்னு ஒரு இடத்த பேசி வச்சுட்டு ஒன்றரை மணி நேரம் எல்லாரையும் அவுத்து விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெயின் ரோடுல வண்டி விட மாட்டாங்க, நடு ரோட்டுல நடக்கலாம்.

எங்கள்ல ஒருத்தன் சுத்த சைவம். இந்த விஷயத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், காய்கறி சூப்னு சொன்னாலும் பெரும்பாலும் கட்சுவோ மீன் போட்டு கொதிக்க வச்ச தாஷிதான் அடியில இருக்கும். சைவக் கடைய முன்னாடியே பாத்து மேப்ல குறிச்சு வச்சுக்கங்க.

மேற்குக்கும் நியாயமா சொல்லணும். மெய்ஜி கோயில் காடு அவ்ளோ பெரிய ஊருக்கு நடுவுல அப்படி ஒரு அமைதி, ஷின்ஜுக்குல கவர்ன்மெண்ட் பில்டிங் 45வது மாடி 202 மீட்டர் உயரத்துலேர்ந்து ஃப்ரீ வியூ, இதெல்லாம் கிழக்குல கிடையாது. ஷிபுயா ஸ்கைங்கிற மொட்டைமாடி வியூ பாயிண்டுக்கு சூரியன் மறையுற நேரத்து டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், அதுலயும் ஆறு பேருக்கு ஒரே ஸ்லாட்ல கிடைக்கிறது கஷ்டம். ஷின்ஜுக்குல கோல்டன் காய்ங்கிற சந்துகள்ல இருக்கிற பார் எல்லாம் ஏழெட்டு பேர் உக்கார்ற சைஸ்தான், வெளிய நின்னு பாத்ததோட சரி, உள்ள போகல, அதனால அதப் பத்தி தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் வெயில்ல நகமிசே எப்படி இருக்கும்னும் எனக்கு அனுபவம் இல்ல, அப்போ மெய்ஜி காட்டு நிழலே மேல்னு தோணலாம்.

கிழக்கோட பெரிய குறை, சீக்கிரம் அடங்கிடும். கோயில் நடை அஞ்சு மணிக்கு சாத்திடுவாங்க, நவம்பர்ல அதுக்குள்ளயே இருட்டிடும், நகமிசே கடைகளும் கொஞ்ச நேரத்துல ஷட்டர இறக்கிடுவாங்க. அதனால சாயங்காலம் மட்டும் ஷிபுயா. அதுக்கும் வழி சுலபம், மெட்ரோ கின்சா லைனுக்கு ஒரு முனை அசகுசா, மறு முனை ஷிபுயா, மாறாம அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. நாங்க ஸ்கைட்ரீய ராத்திரி லைட்ல பாக்கணும்னு அகிஹபாராலேர்ந்து திரும்ப அசகுசா வந்தோம், ட்ரெயின் அங்கேர்ந்துதான் கிளம்புது, ஆறு பேருக்கும் பக்கத்து பக்கத்துல சீட். காலையிலேர்ந்து நடந்த காலுக்கு அந்த அரை மணி நேரம் உசுரு குடுத்துச்சு. ஷிபுயால டேபிள் மட்டும் முன்னாடியே புக் பண்ணிடுங்க, வெள்ளி சனி ராத்திரி ஆறு பேர்னா அஞ்சாறு கடை ஏறி இறங்க வேண்டி வரும்.