தட்டி இழுப்பதா, காத்திருப்பதா?

விசையை இழுத்தும் ரவை வெடிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு, கொழும்பில் விளையாட்டுக்காகத் துப்பாக்கி சுடப் பழகுவோர் இரு வேறு விடைகளைக் கேட்க நேரிடும். படையிலோ பொலிஸிலோ பழகியவர்கள், ரவைக்கூட்டின் அடியைத் தட்டி, துப்பாக்கியின் மேலே முன்பின்னாக நகரும் பாகமான ஸ்லைடை இழுத்துவிட்டு, உடனே மீண்டும் சுடச் சொல்வார்கள். சுடுதளத்தின் ஒழுங்கோ, குழலை இலக்குத் திசையிலேயே வைத்து, விரலை விசையிலிருந்து விலக்கி, குறைந்தது 30 விநாடிகள் காத்திருக்கச் சொல்கிறது.

முதலாவது முறை போர்க்களத்துக்குரியது. சரியாகப் பொருந்தாத ரவைக்கூட்டையும், வெளியேறும் வாயிலில் நிமிர்ந்தபடி சிக்கிய, சுட்ட ரவையின் வெற்றுக்கோதையும் அது நொடியில் சரிசெய்துவிடும். ஆனால் அட்டை இலக்கு திருப்பிச் சுடப்போவதில்லை. சுடுதளத்தில் அத்தனை அவசரத்துக்குத் தேவையே இல்லை.

காத்திருப்பதற்குக் காரணம், ரவையை அடித்துப் பற்றவைக்கும் ஊசி அடித்த பிறகும் மருந்து பிந்திப் பற்றக்கூடும் என்பதே. அந்தத் தாமதம் பெரும்பாலும் ஒரு விநாடியின் சிறு பகுதிதான். 30 விநாடி என்பது தாராளமாகக் கணக்கிட்ட பாதுகாப்பு இடைவெளி. அதற்குள் வெளியே இழுக்கப்பட்ட ரவை கைக்கருகே வெடித்தால், ரவையின் முனையிலுள்ள சன்னத்தைவிடப் பித்தளைக் கோதின் சிதறல்களே கண்ணையும் விரல்களையும் பதம்பார்க்கும்.

இதைவிடக் கொடியது, வழக்கமான வெடியோசைக்குப் பதிலாக மந்தமான ஒரு 'பொப்' சத்தம் கேட்பது. கையில் உதைப்பும் குறைந்திருக்கும். மருந்து போதாமையால் சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடிய இந்நிலையில் ஸ்லைடு முழுமையாகப் பின்வாங்காது போகலாம். அதைச் சாதாரணச் சிக்கலென்று எண்ணித் தட்டி இழுத்தால், அடைபட்ட குழலுக்குப் பின்னால் புதிய ரவை ஏறிவிடும். அடுத்த விசை இழுப்பில் குழல் புடைக்கும் அல்லது வெடித்துப் பிளக்கும். ஆகவே, இங்கே 30 விநாடி கடந்த பிறகும் சுடுவதற்கில்லை. ரவைக்கூட்டை அகற்றி, குழலின் பின்முனையில் ரவை அமரும் அறையை வெறுமையாக்கி, துப்பாக்கியைக் கழற்றிக் குழலினூடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே மறுபடி தொட வேண்டும். காத்திருப்பதே சரி என்ற என் முடிவை உறுதியாக்கியது இந்த ஒரு நிலைமைதான்.

சுழலும் உருளையில் ரவைகளை ஏற்றும் ரிவோல்வரில் தட்டி இழுக்க எதுவுமில்லை. விசையை மறுபடி இழுத்தால் போதும் என்று அதைப் புகழ்வார்கள். அந்த வசதிதான் எனக்கு உறுத்துகிறது: உருளை சுழன்றதும், பிந்தி வெடிக்கக்கூடிய ரவை குழலுக்கு நேரே இல்லாமல் விலகி நிற்கும்; அப்போது வெடித்தால் சன்னம் குழல்வழி போகாது.

.22 அங்குல அளவுள்ள சிறு ரவைகளில் பற்றுமருந்து கோதின் விளிம்புக்குள் பரவியிருப்பதால், அது சீராகப் பரவாத இடத்தில் ஊசி விழுந்தால் 'கிளிக்' மட்டுமே கேட்கும். ஆகவே புதியவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள். காத்திருந்து வெளியே எடுத்ததும் விளிம்பைப் பார்க்க வேண்டும்: ஊசியின் தடம் ஆழமாயிருந்தால் பெரும்பாலும் ரவையில் குறை; மேலோட்டமாயிருந்தால் ஊசியிலோ, வில்லிலோ, படிந்த அழுக்கிலோ குறை. 25 மீற்றர் கைத்துப்பாக்கிப் போட்டிகளிலும் குழலை இலக்கை நோக்கி வைத்தபடி மறுகையை உயர்த்தி அதிகாரியை அழைப்பதே சர்வதேச விதி.

தட்டி இழுக்கும் பழக்கம் வேண்டுமென்போர், மருந்தில்லாத போலி ரவைகளை வைத்து, உண்மையான ரவை எதுவும் அருகில் இல்லாத வேளையில், பயிற்றுநர் முன்னிலையில் அதைத் தனியே பழகிக்கொள்ளலாம்.