பல்வலி இரவுகள்: கிராம்பு எண்ணெயா, மாத்திரையா?

வியாழக்கிழமை இரவு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்கத் தொடங்கியது. வேர் சிகிச்சைக்குத் திங்கள் காலையில்தான் நேரம் கிடைத்தது. இடையில் நான்கு இரவுகள். கையில் கிடைத்ததையெல்லாம் அந்த நான்கு இரவுகளிலும் முயன்று பார்த்துவிட்டேன். இதே நிலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் என்ற இரண்டு வலி மாத்திரைகளையும் சேர்த்து, கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டதுதான் என்னைத் தூங்கவைத்தது. மற்றவை துணைக்கு வந்தன, அவ்வளவே.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல்லிடுக்கில் சிக்கியது வெளியே வரும், ஈறு கொஞ்சம் அடங்கும். விண்விண்ணென்று தெறிக்கிற வலியை அது தொடக்கூட இல்லை.

கிராம்பு எண்ணெயைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதிலுள்ள யூஜெனால் உண்மையிலேயே நரம்பை மரத்துப்போகச் செய்யும். துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்துத்தான் பல் மருத்துவர்களே பல காலமாகத் தற்காலிகமாகப் பல்லை அடைத்து வந்திருக்கிறார்கள். மிளகளவு பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, சொத்தைக் குழிக்குள் வைத்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் வலி பாதியாகக் குறைந்தது. எந்த மாத்திரைக்கும் அந்த வேகம் கிடையாது. ஆனால் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. திரும்ப எழுந்து, விளக்கைப் போட்டு, பஞ்சைத் திரித்து, கண்ணாடி முன் வாயைத் திறந்து நிற்க வேண்டும். முதல் இரவு ஐந்து முறை இப்படி எழுந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், எண்ணெய் வழிந்த இடத்தில் ஈறு வெள்ளையாக வெந்து, தோல் உரிந்திருந்தது. அப்புறம் இரண்டு நாள் பல்லோடு ஈறும் எரிந்தது. குழி வெளியே திறந்திருந்தால்தான் எண்ணெய் உள்ளே போகும் என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய அடைப்புக்கு அடியில் வலிக்கிற பல்லுக்கு இதனால் பெரிய பயன் இருக்காது.

ஈறில் தடவும் மரத்துப்போகிற ஜெல்லை இரண்டே முறைதான் பயன்படுத்தினேன். அதை வைத்து அடித்துப் பேச முடியாது. எனக்கு நாக்கும் உதடும் மரத்த அளவுக்குப் பல் மரக்கவில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து உள்ள ஜெல் சிலருக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும். அதனால் பல் முளைக்கும் வலிக்காக இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தடவக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. வலிக்கிற பல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பிரினை அடக்கிக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. அது ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் புண்ணாக்கும். விழுங்கினால்தான் அது வலி மருந்து.

இவை எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளந்தேன்: எத்தனை மணி நேரம் தாங்கும்? பகலில் பேச்சு, வேலை என்று மனம் வேறு பக்கம் போகும். ராத்திரி படுத்தால் வலியும் நானும் மட்டும்தான். படுத்தால் வலி கூடுவதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. பல்லின் நடுவிலுள்ள கூழ், அதாவது நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதி, கெட்டியான சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. விரலில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கிறது, அதற்கு இல்லை. தலையைத் தாழ்த்தும்போது அங்கே ரத்த அழுத்தம் கூடி, உள்ளே நெருக்குகிறது. தலைக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே படுத்தது நல்ல வித்தியாசம் காட்டியது. துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் பதினைந்து நிமிடம் வைத்ததும் உதவியது.

நெருக்குவது வீக்கம் என்றால், வீக்கத்தைக் குறைக்கும் மருந்துதான் வேண்டும். ஐபுப்ரோஃபென் செய்வது அதைத்தான். அழற்சியையும் வலியையும் தூண்டுகிற புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதை அது குறைக்கிறது. பாராசிட்டமால் வேறு வழியில் வேலை செய்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். திடீர்ப் பல்வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளைத் தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோதான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. அபின் வகை மாத்திரைகள் அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் நான் செய்த தவறு, வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, அப்புறம் மாத்திரையைத் தேடியது. வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரம் உயிர் போய் உயிர் வந்தது. வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, ஒரு தாளில் நேரம் போட்டுக்கொண்டேன். காலை 7, மதியம் 3, இரவு 11 மணிக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும், வயிற்றில் ஏதாவது இருக்கும்போது. நடு இரவில் விழிப்பு வந்தால் 3 மணிக்குப் பாராசிட்டமால் மட்டும் ஒன்று. மருத்துவர் சொல்லாமல் நாமாக வாங்கிப் போடும்போது பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபெனின் எல்லை ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம். என் கணக்கு சரியாக அங்கே நின்றது. பாராசிட்டமாலுக்குப் பெரியவர்களின் எல்லை 4000, நான் 2000-ஐத் தாண்டவில்லை. சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படிக்காமல் சேர்த்துப் போட்டால் கல்லீரலுக்கு ஆபத்து. வெள்ளி இரவு விட்டு விட்டு நான்கு மணி நேரம் தூங்கினேன். சனி இரவு ஆறு மணி நேரம்.

இந்தக் கணக்கு என் உடம்புக்குப் பொருந்தியது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஐபுப்ரோஃபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அவர்களுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதுமா என்பதை என் அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது.

ஞாயிறு விடியற்காலையில் ஒரு மாற்றம். வெந்நீர் பட்டால் துடித்தது, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் அடங்கியது. விழுங்கிய அடுத்த நிமிடம் திரும்ப வந்தது. கூழ் மீள முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டதன் அடையாளம் அது என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். எல்லோருக்கும் குளிர்ச்சி அடக்காது. பல பற்கள் குளிரில்தான் சுண்டி இழுக்கும்.

வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைப் போடலாமா என்ற எண்ணமும் வந்தது. நல்ல வேளை, போடவில்லை. அது வலி மாத்திரை அல்ல. கூழ் செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இருக்காது, மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. பல்லைத் திறந்து சுத்தம் செய்வதோ பிடுங்குவதோதான் தீர்வு. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் மருத்துவரே எழுதித் தருவார்.

அந்த வீக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கி வந்தால், வாயைத் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால், திங்கள்வரை காத்திருக்கக் கூடாது. எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரையில் வலி அடங்கியிருந்தாலும் வீக்கம் உள்ளே பரவிக்கொண்டிருக்கலாம். அதனால் தினம் காலையில் கண்ணாடியில் இரண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, தாடைக்குக் கீழே விரலால் தடவியும் பார்த்துக்கொண்டேன்.

திங்கள் காலை நாற்காலியில் சாய்ந்ததும் மருத்துவர் முதலில் கேட்டது, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை என்றுதான். அந்தத் தாளை அப்படியே நீட்டினேன்.