800 சதுர அடி வீடு, 6,200 சதுர அடி மண்: சர்வேயருக்குக் கொடுத்த 2,800 வெள்ளி

போன வருஷம் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கினோம். பாதி செங்கல், பாதி பலகை, இரண்டே அறை, மொத்தம் 800 சதுர அடி வந்தால் அதிகம். ஆனால் மனை 6,200 சதுர அடி, பின்னால் இரண்டு ரம்புத்தான், ஒரு முருங்கை. அம்மா முருங்கையைப் பார்த்ததுமே சரி சொல்லிவிட்டார், வீட்டுக்குள் அப்புறம்தான் நுழைந்தார். கேட்ட விலை 620,000 வெள்ளி (ரிங்கிட்). சதுர அடி 100 வெள்ளிதான் என்று ஏஜன்ட் பெருமையாகக் கணக்குச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது, வீட்டுக்கு யாரும் விலையே போடவில்லை, காசு முழுக்க மண்ணுக்கு. அளக்காமல் எப்படி வாங்குவது?

அதனால் எஸ்பிஏ, அதாவது விற்பனை ஒப்பந்தக் கையெழுத்துக்கு முன்பே லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருவரைப் பிடித்தோம். கட்டணம் 2,800 வெள்ளி. "அந்தக் காசில் கேட் மாத்தலாமே" என்றார் மாமா.

ஒரு வாரம் என்ற சர்வேயர் மூன்று வாரம் இழுத்தார், இடையில் போனும் எடுக்கவில்லை, ஏஜன்டோ வேறு ஆள் காத்திருக்கிறார் என்று தினமும் நெருக்கினார். ஆனால் வந்த அன்று வேலை சுத்தம். ஜூப்பெமில் (அரசாங்க நில அளவைத் துறை) எடுத்த பிளானை விரித்து, கருவியை நிறுத்தி, எல்லைக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தோண்டினார்கள். வாழைத் தூருக்கு அடியில் ஒரு கல், வேலியோரம் ஒன்று, முன்பக்கம் லோங்காங் (சாக்கடை) பக்கத்தில் ஒன்று. நாலாவது கல் இல்லவே இல்லை, அந்த இடத்தில் சிவப்பு முளை அடித்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் தெரிந்தது, இடதுபக்கத் தகர வேலி எல்லையில் இல்லை. பக்கத்து வீட்டுப் பின்கட்டுச் சமையலறை 3 அடி அகலம், 40 அடி நீளத்துக்கு நம் மண்ணில் நிற்கிறது. 120 சதுர அடி, அதாவது 12,000 வெள்ளி. "இருபது வருஷமா இங்கதான் இருக்கு தம்பி" என்றார் அந்த வீட்டு அங்கிள், கோபமில்லாமல். 1965 தேசிய நிலச் சட்டப்படி அடுத்தவர் பெயரில் உள்ள நிலத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும் உரிமை வந்துவிடாது என்று எங்கள் லாயர் சொன்னார். அதற்காக அவர் அடுப்பையா போய் இடிப்பது? அவர் புதுசாகக் கட்டும்போது விட்டுத்தருவதாக லாயர் முன்னிலையில் எழுதிக் கொடுத்தார். சர்வேயர் தந்த அறிக்கையைக் காட்டியே விற்பவரிடம் 15,000 குறைத்தோம். மாமா அதற்குப் பிறகு கேட்டைப் பற்றிப் பேசவில்லை.

அறிக்கை மலாயில், கோணமும் எண்ணுமாக இருக்கும், விளக்கிச் சொல்ல ஆள் இல்லை, நாமே துரத்திக் கேட்க வேண்டும். கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தைப் பார்ப்பதும் சர்வேயர் வேலை இல்லை, அது லாயர் நில அலுவலகத்தில் தேடிப் பார்ப்பது. பெரிய மனை என்றால் இதை விடவே கூடாது: நில வகை 'பங்குனான்' (கட்டடம்) என்றிருக்கிறதா, 'பெர்தானியான்' (விவசாயம்) என்றிருக்கிறதா? இரண்டாவதென்றால் வீடே நின்றாலும் ஏட்டில் அது விவசாய நிலம், மாற்றுவதற்கு அரசாங்கத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். "பின்னால இன்னொரு வீடு போடலாம்" என்று ஏஜன்ட் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள், உள்ளூராட்சி மன்ற அனுமதி இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது.

வீட்டைப் பற்றி என்ன சொல்ல, கூரைச் சட்டத்தில் கரையான், வயரிங் முழுக்க மாற்றினோம். 605,000-க்கு முத்திரை வரி 12,150 வெள்ளி.

சர்வேயருக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அந்த நாலாவது கல் நடுவதற்குத் தனிக் கட்டணமாம், எப்போது வருவீர்கள் என்றால் இன்னும் "அடுத்த வாரம்" என்கிறார்.