வெளியாளுக்கு ஃபைல் அனுப்ப எது தேவலை: வாட்ஸ்அப்பா, பூட்டிய ஜிப்பா, டிரைவ் லிங்க்கா?

போன வருஷம் ஒரு ராத்திரி, ஒன்பதரை மணி இருக்கும். மறுநாள் கொட்டேஷனுக்காக எங்கள் ரேட் ஷீட்டைத் திறந்தேன். கூகுள் ஷீட்ஸின் மேல் ஓரத்தில் ஒரு கலர் வட்டம், அதற்குள் ஏதோ ஒரு மிருகத்தின் படம். மவுஸைக் கொண்டுபோய் வைத்தால் 'அனானிமஸ் கேப்பிபாரா' என்று பெயர் காட்டியது. ஆபீசில் என்னைத் தவிர ஆள் இல்லை. எந்த ஜாப் ஒர்க்காரருக்கு ஒரு பீஸுக்கு எவ்வளவு கூலி தருகிறோம் என்பதெல்லாம் அந்த ஷீட்டில்தான் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேப்பிபாராவும் பார்த்துக்கொண்டிருந்தது.

லிங்க் கையில் இருக்கும் யாரும் திறக்கலாம் என்று அதை மாற்றி வைத்தது நான்தான். ஒருவருக்குத் திறக்கவில்லை என்று அவசரத்தில் மாற்றியது, அப்படியே கிடந்திருக்கிறது.

கோவையில் ஒரு சின்ன மெஷினிங் யூனிட்டில் ஆபீஸ் வேலை எனக்கு. டிராயிங் ஜாப் ஒர்க்குக்குப் போகும், சம்பளப் பட்டியல் ஆடிட்டருக்குப் போகும், மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பேங்க்குக்குப் போகும். அந்த ராத்திரிக்குப் பிறகு ஒவ்வொரு வழியாக உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றிடமும் கேட்டது இரண்டே கேள்வி. அனுப்பின பிறகு திரும்பப் பிடுங்க முடியுமா? வாங்குகிறவர் எனக்கு போன் போடாமல் திறந்துவிடுவாரா?

வாட்ஸ்அப் இரண்டாவது கேள்வியில் நூற்றுக்கு நூறு. 2 ஜிபி வரை ஃபைல் போகும், 2016 முதல் முனைக்கு முனை என்கிரிப்ஷன் உண்டு, வழியில் எவரும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் நம் ஊர் கம்பெனிகளின் ஃபைல் வழியில் கசிவதில்லை, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கசிகிறது. சூப்பர்வைசரின் சொந்த போனில் இறங்கிய டிராயிங் அவர் கேலரியில், அவர் பேக்கப்பில், அவர் ஃபார்வர்டு செய்த குரூப்பில் இருக்கும். 'எல்லோருக்கும் நீக்கு' இரண்டு நாள் சொச்சம்தான் வேலை செய்யும், அதற்குள் இறக்கி வைத்த காப்பியை அது தொடாது. அவர் வேலையை விட்டுப் போனால் மொத்த சாட்டும் அவரோடு போகும். லொகேஷன், லாரி நம்பர், பேக்கிங் போட்டோ இதற்கெல்லாம் வாட்ஸ்அப் போதும். டீக்கடைச் சுவரில் ஒட்டத் தயங்கும் எதையும் அதில் போடாதீர்கள்.

அடுத்தது பூட்டி அனுப்புவது. ஜிப்புக்கோ பிடிஎஃப்புக்கோ பாஸ்வேர்டு போட்டு மெயிலில் வைப்பது. இது நமக்குப் பழகின விஷயம். பேங்க் ஸ்டேட்மென்ட் அப்படித்தான் வருகிறது, இ-ஆதாரும் அப்படித்தான்: பெயரின் முதல் நான்கு எழுத்து, கூடவே பிறந்த வருஷம். நாமும் கம்பெனி பெயரோடு வருஷத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டு, பூட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நம்மைத் தெரிந்தவர் யாரும் நாலு தடவையில் ஊகிக்கும் பாஸ்வேர்டு அது.

ஜிப்பிலும் இரண்டு ரகம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஜிப்கிரிப்டோ என்ற பழைய பூட்டு 1994-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. 7-ஜிப் மாதிரி இலவச மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்று தேர்ந்தெடுத்தால் பூட்டு உறுதியானது. அப்போதும் ஜிப் வகையில் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர் வெளியே தெரியும். 'வேலை நீக்கப் பட்டியல்' என்று பெயர் வைத்தால் உள்ளே பார்க்கவே வேண்டாம். 7இஸட் வகையில் சேமித்தால் பெயரையும் மறைக்கலாம். ஆனால் அதைத் திறக்க எதிராளியின் கம்ப்யூட்டரிலும் தகுந்த மென்பொருள் வேண்டும், உடனே போன் வரும்.

பிடிஎஃப்பில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. திறக்கவே கேட்கும் பாஸ்வேர்டு வேறு, பிரிண்ட் எடுக்காதே காப்பி எடுக்காதே என்று தடுக்கும் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவது வெறும் வேண்டுகோள். மதிக்கிற மென்பொருள் மதிக்கும், மதிக்காதது தாண்டிப் போகும்.

பூட்டிய ஜிப்பை ஒரு மெயிலில், பாஸ்வேர்டை அடுத்த மெயிலில் அனுப்புகிற பழக்கம் ஜப்பானில் பெரிய சடங்காகவே இருந்தது. 2020 நவம்பரில் டிஜிட்டல் துறை அமைச்சர் ஹிராய் தகுயா அமைச்சரவை அலுவலகங்களில் அதை நிறுத்துவதாக அறிவித்தார். நியாயம்தான். முதல் மெயிலைப் பார்க்க முடிந்தவன் இரண்டாவதையும் பார்ப்பான். அதைவிட மோசம், பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறதென்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. எமோடெட் வைரஸ் அந்த இடுக்கில்தான் நுழைந்தது.

எங்கள் ஆடிட்டர் ஆபீசில் நடந்தது இன்னும் எளிமை. பாஸ்வேர்டை போனில் சொன்னேன், பத்திரமாக. அடுத்த மாதம் வேறு வேலையாகப் போனபோது அங்கிருந்த தம்பியின் திரையைப் பார்த்தேன். மறந்துவிடக் கூடாதே என்று அதை ஃபைல் பெயரிலேயே சேர்த்துச் சேமித்திருந்தார். "ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒண்ணு, எப்படி சார் ஞாபகம் வெச்சுக்கறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்படியும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளுக்கு அனுப்ப ஏஇஎஸ் ஜிப் மோசமில்லை. பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், போனில் சொல்லுங்கள். திரும்பப் பிடுங்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் அனுப்ப வேண்டும்.

கூகுள் டிரைவ் மாதிரி இடத்தில் ஃபைலை வைத்து லிங்க்கை மட்டும் அனுப்புவது இதற்கு நேர்மாறு. ஃபைல் நம்மிடமே இருக்கும், பார்க்கும் உரிமையை மட்டும் கொடுக்கிறோம், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஜிமெயிலின் 25 எம்பி எல்லையும் குறுக்கே வராது. எல்லாமே பகிரும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. 'லிங்க் உள்ள யாரும்' என்றால் அது தெருக்கதவைத் திறந்து போட்டது மாதிரி. லிங்க்கும் ஒரு ஃபார்வர்டு மெசேஜ்தானே, எங்கே வேண்டுமானாலும் போகும். எதிராளியின் மெயில் முகவரியைப் போட்டு அவருக்கு மட்டும் என்று கொடுத்தால்தான் லிங்க் முறைக்கே அர்த்தம்.

கூகுளில் புது ஃபைல் பூட்டித்தான் இருக்கும், திறந்து விடுவது நாம். டவுன்லோட், பிரிண்ட், காப்பி மூன்றையும் பார்வையாளருக்குத் தடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். குறிப்பிட்ட தேதியோடு உரிமை தானாக முடிகிற வசதிக்குக் காசு கட்டும் ஒர்க்ஸ்பேஸ் கணக்கு வேண்டும். கூகுள் கணக்கே இல்லாதவருக்கும் மெயிலில் பின் நம்பர் அனுப்பி உள்ளே விடும் வழி அதில் உண்டு, அட்மின் அதை அனுமதித்திருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ், ஷேர்பாயிண்டில் 'குறிப்பிட்ட நபர்கள்' என்று கொடுத்தால் வெளியாளுக்கு மெயிலில் ஒரு ரகசிய எண் போகும், அதைப் போட்டுத் திறக்கலாம். பேங்க் ஓடிபிக்குப் பழகிய நம் ஆட்களுக்கு இது உடனே புரிகிறது. ஆனால் 'நிறுவனத்தில் உள்ளவர்கள்' என்ற வகையை மாற்ற மறந்து வெளியே அனுப்பினால் திறக்காது. அவர் போன் போடுவார், நாம் எரிச்சலில் 'யாரும்' என்று மாற்றுவோம். கேப்பிபாரா பிறப்பது அந்த நிமிஷத்தில்தான். இலவச ஒன்டிரைவில் 5 ஜிபி இடம் தருவார்கள், லிங்க்குக்குப் பாஸ்வேர்டும் கெடு தேதியும் வைக்க மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். டிராப்பாக்ஸும் அப்படித்தான், 2 ஜிபி இலவசம், பாஸ்வேர்டுக்குக் காசு. ஜோஹோவின் ஒர்க்டிரைவில் வெளி லிங்க்குக்குப் பாஸ்வேர்டு, கெடு தேதி இரண்டும் உண்டு, திறப்பவரிடம் பெயரும் மெயிலும் கேட்கச் சொல்லவும் செய்யலாம். அவர் பொய்ப் பெயர் போட்டால் போட்டதுதான்.

வேலை எதில் நடக்கிறதோ அதிலேயே பகிருங்கள் என்பேன். எக்செலும் அவுட்லுக்கும் வைத்திருக்கிற கம்பெனி இதற்காகத் தனியாக கூகுளுக்குப் போக வேண்டாம். எங்களுக்கு கூகுள் பழக்கம், அதிலேயே இருந்துவிட்டோம்.

ஃபைலை ஏற்றி லிங்க் அனுப்பும் வீடிரான்ஸ்ஃபர் மாதிரி தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய வீடியோவுக்கு நல்லது, ஆபீஸ் பேப்பருக்கு வேண்டாம். 2020 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை உத்தரவில் அந்தத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் செண்ட் அருமையாக இருந்தது, வைரஸ் பரப்புகிறவர்கள் புகுந்ததால் அதே வருஷம் மூடிவிட்டார்கள். இந்த மாதிரி சேவையை நம்பி தினசரி வேலையை அமைக்க முடியாது.

காசு இருக்கிறவர்கள் டேட்டா ரூம் என்ற இணையப் பெட்டகம் வாங்குவார்கள். பக்கத்துக்குப் பக்கம் யார் எப்போது பார்த்தார் என்ற கணக்கு, பார்ப்பவர் பெயரையே குறுக்கே அச்சிடும் வாட்டர்மார்க் எல்லாம் இருக்கும். கம்பெனியை விற்கும்போது அது தேவை, ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டுக்குத் தேவையில்லை. விலை கூடினால் பத்திரம் கூடும் என்றும் இல்லை. பெரிய நிறுவனங்கள் ஃபைல் அனுப்பவே வாங்கிய மூவ்இட் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக 2023 மே மாதக் கடைசியில் குளோப் (Clop) என்ற ஹேக்கர் கும்பல் புகுந்தது. 2000-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் தகவல் போனது.

அப்புறம், எந்த வழியில் அனுப்பினாலும் ஃபைலுக்குள் இருப்பதை வழி திருத்தாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ், தகவல் கேட்ட ஒருவருக்குத் தந்த பதிலில் ஓர் எக்செல் ஃபைலை வெளியிட்டது. அதில் மறைந்திருந்த இன்னொரு ஷீட்டில் சுமார் 9,500 போலீஸ்காரர்கள், ஊழியர்களின் விவரம் இருந்தது. அபராதம் 7.5 லட்சம் பவுண்டு. நம் ஊரிலும் 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தாயிற்று. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது. ஆதார் நம்பரும் பேங்க் கணக்கும் உள்ள சம்பளப் பட்டியலை இப்போது எக்செலாக வெளியே விடுவதே இல்லை. வேண்டிய பத்தியை மட்டும் புது ஷீட்டில் ஒட்டி, பிடிஎஃப் ஆக்கி, லிங்க்காகக் கொடுக்கிறேன்.

கேப்பிபாரா விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரியே ரேட் ஷீட்டைப் பூட்டி, வேண்டிய இரண்டு பேருடைய மெயில் முகவரியை மட்டும் போட்டேன். பூட்டிய ஃபைலை யாராவது திறக்கப் பார்த்தால், அனுமதி கேட்கும் பட்டன் ஒன்றை கூகுள் அவருக்குக் காட்டும். அவர் அமுக்கினால் நமக்கு மெயில் வரும், அவர் முகவரியோடு.

மறுநாள் காலை பதினொரு மணிக்குள் மூன்று மெயில் வந்தது. இரண்டு பேர் எங்கள் ஜாப் ஒர்க்காரர்கள், அவர்களுக்கும் நான் லிங்க் கொடுத்ததில்லை. மூன்றாவது முகவரி எங்களோடு போட்டியில் கொட்டேஷன் போடும் கம்பெனியுடையது.