டச்பேடும் எர்த் குழியும்

மேசைக் கணினிக்கென்றே தனியாக விற்கப்படும் கம்பியில்லாக் கண்ணாடி டச்பேட் ஒன்றைத் திருப்பூரில் பனியன் துணி வெட்டுவதற்கான படங்களைக் கணினியில் வரையும் என் பேட்டர்ன் அலுவலகத்தில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். உப்பிப்போன பேட்டரியை மாற்றிக்கொண்டு அண்மையில்தான் அது பழுது பார்க்கும் கடையிலிருந்து திரும்பியது. அதே வாரத்தில், பல்லடத்தில் லேபிள் அச்சடிக்கும் நண்பர் தொலைபேசியில் அழைத்து, "ஏனுங்ணா, இனிமேல் மவுசே இருக்காதுங்கறாங்களே, நானும் டச் மானிட்டரே வாங்கிப் போட்டுறட்டுங்களா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதுகிறேன். டச்பேடின் நீள அகலம், எடை, எத்தனை விரல் சைகை என்பவற்றையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

டச் மானிட்டரைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்யும் மேசைக்கு அது ஆகாது. 1983இல் எச்பி நிறுவனம் எச்பி-150 என்னும் தொடுதிரைக் கணினியை விற்றது. திரையைச் சுற்றிலும் துளைகளிட்டு, அவற்றின் வழியே அகச்சிவப்புக் கதிர்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ச்சி, எந்தக் கதிர் மறைகிறது என்பதைக் கொண்டு விரலின் இடத்தை அது அறிந்தது. அந்தத் துளைகளில் தூசி அடைந்தது அக்காலத்திலேயே பெரிய குறையாகப் பேசப்பட்டது. பனியன் துணியின் பஞ்சுத்தூசி பறக்கும் எங்கள் ஊரில் அதன் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைய திரைகள் தூசிக்கு அஞ்சுவதில்லை என்றாலும், கை வலி அப்படியேதான் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொடுவதற்கு நாள் முழுவதும் கையை நீட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதை 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார். அதைக் கேட்டும் கேளாதது போல 2012இல் விண்டோஸ் 8 முகப்புத் திரை முழுவதையும் விரலுக்கென்றே மாற்றியமைத்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது பழைய ஸ்டார்ட் மெனு திரும்பி வந்தது. இதற்கெல்லாம் மேலாக, என் வேலையில் கழுத்து வளைவின் ஒரு புள்ளியைக் கால் அங்குலம் நகர்த்த வேண்டியிருக்கும்போது, நகர்த்த வேண்டிய அந்தப் புள்ளியையே என் விரல் மறைத்துக்கொள்கிறது. திரையைப் படுக்கவைத்து வரையும்படி 2016இல் வந்த 28 அங்குல சர்ஃபேஸ் ஸ்டூடியோ போன்றவை ஓவியர்களுக்கு உரியவை; அவற்றின் விலை கூலிக்கு வேலை எடுத்துச் செய்யும் எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்களின் பேச்சுக்கே வராது.

ஆகவே மேசைக் கணினியில் தொடுதலுக்கு எதிர்காலம் உண்டென்றால் அது திரையில் இல்லை, மேசையின் மீது கை தானாகப் படியும் இடத்தில்தான் இருக்கிறது. இந்த டச்பேடை மவுசுக்கு மாற்றாக வாங்கினேன். அந்த வேலையில் அது சுமார்தான். ஒரு கோட்டைப் பிடித்து நெடுந்தூரம் இழுக்கும்போது பாதி வழியில் பலகை தீர்ந்துவிடுகிறது. ஆனால் மவுசை வலப்பக்கத்திலேயே விட்டுவிட்டு டச்பேடை இடப்பக்கம் வைத்ததும் கிடைத்த பலனை நான் எதிர்பார்க்கவில்லை. மார்க்கர் என்பது நீண்ட துணியின் மீது உடல், கை, கழுத்துப் பட்டி என்று எல்லா உருப்படிகளையும் எல்லா அளவுகளிலும் இடம் வீணாகாமல் அடுக்கும் படம். முழு நீளத்தையும் பார்த்தால் வளைவுகள் தெரியாது. வளைவைப் பார்த்தால் மற்றவை எங்கே இருக்கின்றன என்பது மறந்துபோகும். முன்பெல்லாம் பெரிதாக்கு, நகர்த்து, சிறிதாக்கு என்று வேலையின் பெரும்பகுதி படத்தை ஓட்டுவதிலேயே கழிந்தது. இப்போது வலக்கையின் மவுசால் கர்சரை அக்குள் வளைவின் மீது வைக்கிறேன்; அதே நொடியில் இடக்கையின் இரண்டு விரல்களை விரிக்கிறேன்; கர்சர் நிற்கும் இடமே நடுவாகப் படம் பெரிதாகிறது. புள்ளியைத் திருத்தி முடிப்பதற்குள் இடக்கை படத்தை அடுத்த உருப்படிக்குத் தள்ளிவிடுகிறது. கட்டிங் மாஸ்டர் இடக்கையால் துணியை அழுத்தித் திருப்பிக் கொடுக்க, வலக்கையின் கத்தரி நிற்காமல் போவதைப் போன்றது இது. இடக்கையின் ஒற்றை விரல் பட்டாலும் கர்சர் நகர்ந்துவிடும் என்பது உண்மை. இரண்டு விரல்களையும் சேர்த்தே வைக்கும் பழக்கம் வந்தபின் அது தொல்லையாக இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. மவுசை 1968 டிசம்பரில் உலகுக்குக் காட்டிய அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட், அன்றே இடக்கைக்கென்று ஐந்து விசைகள் கொண்ட ஒரு சிறு பலகையையும் வைத்திருந்தார். உலகம் வலக்கைக் கருவியை எடுத்துக்கொண்டு இடக்கைக் கருவியை விட்டுவிட்டது. 1986இல் கணினி ஆய்வாளர்கள் பில் பக்ஸ்டனும் பிராட் மையர்ஸும் வெளியிட்ட ஆய்வில், ஒரு கை படத்தை ஓட்ட மறு கை குறிபார்க்கும் முறை, பழகாதவர்களுக்கும் எளிதாகவே வந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு உளவியலாளர் ஈவ் கியார், வலக்கைக்காரர்களின் இடக்கை முதலில் களத்தை அமைத்துக் கொடுக்கிறது, வலக்கை அந்தக் களத்துக்குள் நுட்பமான வேலையைச் செய்கிறது என்று விளக்கினார். துணி வெட்டுகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்றைய பல விரல் டச்பேடுகளின் முன்னோடிகளில் ஒருவரான வெய்ன் வெஸ்டர்மன், தட்டச்சினால் வந்த கைவலி காரணமாகவே அந்த ஆராய்ச்சிக்குள் நுழைந்தவர். அவர் பங்குதாரராக இருந்த ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தை ஆப்பிள் 2005இல் வாங்கிக்கொண்டது. எனக்கும் வலது மணிக்கட்டு வலி குறைந்தது, படம் ஓட்டும் பாரத்தை இடக்கை ஏற்றுக்கொண்டதால் மட்டுமே என்று நினைக்கிறேன்.

பஞ்சுத்தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. மவுசின் அடியில் உள்ள ஒளித்துளையில் ஓர் இழை புகுந்தாலும் கர்சர் நடுங்கும். டச்பேடில் துளையே இல்லை. ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் போதும்.

இத்தனை புகழ்ச்சிக்குப் பிறகும் இந்தக் கருவியைத் தூக்கி எறியலாமா என்று எனக்குத் தோன்றாத கோடைக்காலம் இல்லை. காரணம், சார்ஜ் ஏறும்போது கர்சருக்குப் பேய் பிடித்துவிடுகிறது. விரலை அசைக்காமல் வைத்திருந்தாலும் படம் தானாகப் பெரிதாகும், சிறிதாகும், பக்கவாட்டில் ஓடும். கேபிளைப் பிடுங்கினால் அடுத்த நொடியே சாதுவாகிவிடும். கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்முனைகள் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அவற்றின் மின்தேக்கத்தில், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறனில், ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தை அளந்துதான் விரல் எங்கே இருக்கிறது என்று சிப் கணக்கிடுகிறது. எர்த், அதாவது மண்ணோடு சேர்க்கும் இணைப்பு, இல்லாத இரண்டு முள் அடாப்டரைச் சொருகினால், அதற்குள்ளே நடக்கும் மின்னோட்ட மாற்றங்களின் இரைச்சல் டச்பேடின் மின்சுற்று முழுவதையும் பூமியைப் பொறுத்து மேலும் கீழுமாக ஆட்டுகிறது. நம் உடலோ பூமியோடு ஏறக்குறைய ஒட்டியே இருப்பதால், விரல் பட்ட இடத்தில் அந்த ஆட்டம் அளவீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. பேட்டரியில் ஓடும்போது இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அடாப்டரை விட்டுவிட்டு, மூன்று முள் பிளக் உள்ள கணினியிலிருந்தே சார்ஜ் ஏற்றலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்தேன். அதில்தான் கட்டடத்தின் குட்டு வெளிப்பட்டது. கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது. டெஸ்டர் வைத்தால் விளக்கு மங்கலாக எரிகிறது. மூன்றாவது முள் இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய மண்ணில் ஈரம் இல்லை. மழை மறைவுப் பகுதியான எங்கள் ஊரில் சித்திரையில் எர்த் குழி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எலக்ட்ரீசியன் வந்து உப்பும் கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன பிறகு டச்பேட் ஒழுங்காக வேலை செய்தது. ஐப்பசி மழை வரைக்கும் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் எத்தனையோ மொழிகளில் எத்தனையோ எச்சரிக்கைகள் இருந்தன. எர்த் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை எழுதும்போதே கோபம் வருகிறது. எர்த் சரியில்லாதது கட்டட உரிமையாளரின் குற்றமே அன்றி டச்பேட் செய்தவரின் குற்றம் அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே சாக்கெட்டில் சொருகிய மவுஸ் ஒரு நாளும் இப்படி ஆடியதில்லை.

பேட்டரி விவகாரம் இன்னொரு வகை. திருகாணி ஒன்றும் இல்லாமல் பசையிட்டு மூடிய உடல் அது; லித்தியம் பேட்டரி உப்பியதும் கண்ணாடி ஒரு பக்கம் மேலெழுந்து, அழுத்தினால் கிளிக் ஆகாமல் போனது. விற்ற நிறுவனத்தின் சேவை மையம், இதைத் திறக்க முடியாது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டது. கோவையில் கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு சிறு கடையில்தான் சூடு காட்டித் திறந்து, அளவு பொருந்தும் வேறொரு பேட்டரியை வைத்துத் தந்தார்கள். 2015 முதல் ஆப்பிளின் மேசை டச்பேடில் அமுக்கும் பலகையே இல்லை, அழுத்தத்தை உணர்ந்து அதிர்வு கொடுத்துக் கிளிக் போன்ற உணர்வை மட்டும் தருகிறது. அத்தகைய நுட்பம் வந்துவிட்ட பிறகும் பேட்டரிக்கு ஒரு மூடி வைக்க முடியவில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. எனக்கு வேண்டியது கம்பியோடு வரும், பேட்டரியே இல்லாத, இடக்கைக்கென்று உள்ளங்கை அகலத்தில் செய்த ஒரு கண்ணாடிப் பலகை. அப்படி ஒன்றைத் தேடி நான் போன கடைகளில் கிடைத்தவை எல்லாம் மடிக்கணினி டச்பேடை அறுத்தெடுத்துப் பெட்டியில் போட்டவை.

பல்லடம் நண்பருக்கு நான் சொன்னது: டச் மானிட்டர் வேண்டாம், டச்பேடும் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணத்தில் முதலில் எர்த் குழியைச் சரிசெய்யுங்கள். என் டச்பேடுக்கு மதிப்பெண் கேட்டால் பத்துக்கு நான்கு. மேலே எழுதிய புகழ்ச்சியில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை, இன்றைக்கும் என் இடக்கை அதன் மீதுதான் இருக்கிறது. ஆனாலும் இந்த வெயிலில் ஐந்து போட எனக்கு மனம் வரவில்லை.