ஒரு பிரதியை வைத்துக்கொண்டு ஒரு வாசகர் வட்டம்

மெல்போர்னிலிருந்து ஊருக்கு வந்தால் வங்கி, தாலுகா ஆபீஸ், பல் டாக்டர் என்றே நாட்கள் ஓடிவிடும். இந்த முறை எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் போய்வந்தேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வாசகர் வட்டம் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறது என்று அக்கா மகள் சொல்லியிருந்தாள்.

முதலில் உறுப்பினர் ஆக வேண்டுமோ, உள்ளூர் முகவரிச் சான்று கேட்பார்களோ என்று யோசனை. நூலகரிடமே கேட்டேன். "அது புக் எடுத்துட்டுப் போறதுக்குத்தான்க்கா. இங்க உக்காந்து பேச எதுவும் வேண்டாம். கதையப் படிச்சுட்டு வாங்க, போதும்" என்றார். வீட்டுக்கு எடுத்துப்போக அப்பாவின் அட்டை இருந்தது.

விடுமுறைக்கு வருகிறவர்கள் இதில் கூச்சப்படவே வேண்டாம். சீர்காழியில் பிறந்த நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, இப்போது ரூபாய்க்கு 10 காசு. ஊரில் வீடு வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களும் இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த மாதத்துக்கு எடுத்திருந்தது எங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பற்றிய ஒரு சிறுகதைத் தொகுப்பு. மேடை, மைக், பொன்னாடை எதுவும் இல்லை. பெஞ்சுகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். இதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. வாசகர் வட்டம் என்றாலே நூல் வெளியீடு, பாராட்டு விழா என்று போய்விடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் வாசகர் கைதட்டுவதோடு சரி. இங்கே ஒரு தையல்காரர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், பருத்தி விவசாயம் செய்யும் ஒரு பெரியவர் எல்லாரும் பேசினார்கள். மழை பொய்த்த வருடத்தைப் பற்றிய கதை வந்ததும் பெரியவர், "ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணும். இவன் ரெண்டு நாள் சும்மா இருந்துட்டான், அங்கதான் கதையே" என்றார். நான் அந்த இரண்டு நாளைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். அப்புறம்தான் எனக்கு அந்தக் கதை முழுதாகப் புரிந்தது. மெல்போர்னில் நானும் ஒரு வாசிப்புக் குழுவில் இருக்கிறேன், நல்ல குழுதான். ஆனால் கதை நடக்கும் மண்ணிலேயே உட்கார்ந்து அதைப் பேசுவது அங்கே வாய்க்காது.

குறையும் இருக்கிறது. கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. நேரம் காலை பத்தரை. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குக் கறிக்குழம்பு வைக்கிற வீட்டுப் பெண்கள் எப்படி வருவார்கள்? என்னையும் சேர்த்துப் பெண்கள் மூன்றே பேர். மாலை மூன்று மணி என்று மாற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் பெரிய குறை புத்தகம்தான். நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி. அது கைமாறிக் கைமாறிப் போனதில் பாதிப் பேர் முழுதாகப் படிக்கவில்லை. வேண்டும் என்று இருந்தும் படிக்க முடியாமல் வந்து உட்கார்ந்தவர்களைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் இருக்கும் பகுதி நூலகத்தில் ஒரே புத்தகத்தின் பல பிரதிகளை ஒரு பையில் போட்டு, வாசிப்புக் குழுவுக்கு மொத்தமாக இரவல் தருவார்கள். இங்கே அது ஏன் முடியாது?

முடியும் என்றே நினைக்கிறேன், புதிதாக வாங்கக்கூட வேண்டியதில்லை. பதிப்பகத்தார் 'லைப்ரரி ஆர்டர்' என்று சொல்வார்களே, அந்த நூலக ஆணையில் அரசு வாங்கும் புத்தகம் மாநிலம் முழுக்கப் பல கிளைகளுக்கும் பிரித்து அனுப்பப்படுகிறது. எங்கள் ஊரில் அலமாரியில் இருக்கும் அதே தொகுப்பு பக்கத்து ஊர்க் கிளையிலும் அதற்கடுத்த ஊரிலும் சும்மா இருக்க வாய்ப்பு உண்டு. மாவட்ட மைய நூலகம் மாதம் ஒரு தலைப்பை எடுத்து, எட்டுப் பத்துப் பிரதிகளைத் திரட்டி, வாசகர் வட்டம் நடக்கும் கிளைகளுக்குச் சுற்றுக்கு விட்டால் போதும்.

நூலகரிடம் இதைச் சொன்னபோது மறுக்கவில்லை. அங்கேயே பக்கத்துக் கிளைகள் இரண்டுக்குப் போன் போட்டார். ஒன்றில் இருந்தது, அடுத்த மாதப் புத்தகத்துக்கு இரண்டாவது பிரதி கிடைத்துவிட்டது. ஆனால் இது அவருடைய சொந்தப் பழக்கத்தில் நடந்த உதவி. அவர் மாற்றலாகிப் போனால் நின்றுவிடும், முறையான ஏற்பாடாக வர வேண்டும்.

கிளம்புமுன் 1000 ரூபாய் நன்கொடை கட்டி நூலகத்தின் புரவலர் ஆனேன். ஊருக்குப் போகிறவர்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வாசகர் வட்டம் எந்தப் புத்தகம் எடுத்திருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து, அதில் இரண்டு மூன்று பிரதி வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.